காடறிந்த அம்மையார்: டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கத்துச் செயலாளர் கேட்டபோது முதலில் மறுத்தேன். புகைவண்டி நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகச் சீட்டும் பேரேடும் எழுதிய கை இது. பள்ளி இறுதி வகுப்போடு என் கல்வியும் நின்றுவிட்டது. கவிதையும் காப்பியமும் பற்றி எழுத நம்மிடையே கற்றோர் பலர் உளர். ஆயினும் என் வீட்டுப் பால்கனியில் பதினெட்டுத் தொட்டிகள் இருப்பதைச் செயலாளர் அறிவார். செடிகளைப் பற்றியேனும் எழுதுக என்று விடாது வற்புறுத்தினார். செடிகளைப் பற்றி எழுதப் புகுந்தால் எனக்கு ஓர் அம்மையாரின் நினைவே முன்னிற்கிறது. ஆகவே அவர் வரலாற்றையே எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அவர் நினைவு எனக்கு எவ்வாறு வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் குடும்பத்துடன் கர்ஜத் பக்கத்து மலையடிவாரத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே புதரோடு புதராகச் செங்காந்தள் பூத்துக் கிடந்தது. கைவிரல்களை விரித்தாற்போன்ற இதழ்கள். அடியில் மஞ்சள், நுனியில் செந்தீ. சங்கப் பாட்டுகளில் பெயர் மட்டும் கேட்ட பூ, மராட்டிய மண்ணில் நேரில் வந்து நின்றதைக் கண்டு மனம் நிலைகொள்ளவில்லை. அருகிருந்த குச்சியால் தோண்டிக் கிழங்கைப் பெயர்த்து, துணிப்பையில் சுற்றி, டோம்பிவிலிக்குக் கொண்டுவந்து தொட்டியில் நட்டேன். நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினேன். பத்தே நாளில் கொடி வாடியது. கிழங்கு எழும் என்று எண்ணி மேலும் நீர் ஊற்றினேன். ஒரு திங்கள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு அழுகிக் கூழாகி இருந்தது. அண்டை வீட்டு மராத்திய ஆஜி, களலாவியை வீட்டில் வைக்கலாமா என்று முதலிலேயே கடிந்துகொண்டார். அவர் கடிந்தது அதன் நஞ்சைக் கருதி. எனக்கோ, மலையில் நன்றாக இருந்த ஓர் உயிரைக் கொண்டுவந்து கொன்றுவிட்டோமே என்ற உறுத்தல் நெடுநாள் இருந்தது.

அந்த உறுத்தலால் காந்தளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சுக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். அந்த நஞ்சைக் கொண்டு செடிகளின் இயல்பையே மாற்றலாம். அவ்வாறு மாற்றிக் காட்டியோருள் நம் சென்னையில் பயின்ற பெண்மணி ஒருவர் உண்டு. இவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவந்தது. அப்பெண்மணியே டாக்டர் எடவலத்து கக்கட் ஜானகி அம்மாள்.

அவர் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தலைச்சேரி இன்று கேரளத்தில் உள்ளது. அன்று மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. மலையாளத்து அம்மையாரைத் தமிழ்ச் சங்க மலரில் எழுதலாமா என்று வினவுவோர்க்கு என் விடை இது: அவர் கற்றது சென்னையில், கரும்பை ஆராய்ந்தது கோவையில், கண்ணை மூடியது மதுரவாயலில். அவரை நம்மவர் என்று சொல்ல இவ்வளவு போதாதா?

தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன் நீதித்துறையில் சப்-ஜட்ஜாகப் பணியாற்றியவர். வழக்கு மன்றத்தை விட்டால் அவர் மனம் பறவைகளிடமும் தோட்டத்திடமுமே சென்றது. வட மலபாரின் பறவைகளைப் பற்றி நூல் எழுதினார். தம் தோட்டத்துச் செடிகளைக் குறித்தும் குறிப்பேடு வைத்திருந்தார். பெரிய குடும்பம், உடன் பிறந்தார் பலர். வீட்டில் பெண்களுக்கு ஒவ்வொன்றாக மணம் நடந்தது. ஜானகிக்கும் உறவிலேயே வரன் பேசப்பட்டது. அவரோ படிப்பை விரும்பினார். தீயர் குலத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காலத்துச் சாதிப் படிநிலையில் அக்குலம் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பது அறிந்தோர்க்குத் தெரியும். பெண், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலம், மணமாகாதவர் என்ற மூன்றும் பிற்காலத்தில் அவர் சென்ற அலுவலகம்தோறும் அவருக்கு முன்னே சென்று அமர்ந்திருந்தன.

தலைச்சேரிக் கன்னிமாடப் பள்ளியில் கற்றபின் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். 1921-இல் மாநிலக் கல்லூரியில் தாவர இயலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்னர் மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கும்போது அமெரிக்க நாட்டு மிச்சிகன் சர்வகலாசாலை ஆசிய மகளிர்க்கென அளித்த பார்பர் உதவித்தொகை கிடைத்தது. 1924-இல் கப்பலேறினார். நியூயார்க்குத் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் அவரைத் தடுத்து வைத்தனர். பட்டுச் சேலையும் நீண்ட கூந்தலுமாக நின்ற அவரை இந்திய இளவரசியோ என்று அதிகாரி வினவ, அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். கதவு திறந்தது. கதை எனினும் சுவையான கதை.

மிச்சிகனில் அவர் கத்தரியை ஆராய்ந்தார். அவர் கலந்து உண்டாக்கிய கத்தரி வகை ஒன்று அவர் பெயராலேயே வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னைக்குத் திரும்பி வந்தவர் மீண்டும் அங்கே சென்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவர இயலில் டாக்டர் பட்டம் எய்திய முதல் இந்தியப் பெண்மணி அவரே என்பர்.

அவர் பயின்ற ஊரைச் சுற்றிய காடுகளில் வசந்த காலத்தில் டிரில்லியம் என்றொரு வெண்மலர் பூக்கும். அதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். என் காந்தள் செத்ததற்குரிய காரணம் எனக்கு விளங்கியதே அப்பூவைப் பற்றிப் படித்த பின்னர்தான். ஒரு தண்டு, அதன் உச்சியில் மூன்று இலை, நடுவில் மூன்று இதழ் கொண்ட ஒரே பூ, செடி அவ்வளவே. அந்நாட்டு மேப்பிள் மரங்களும் பீச் மரங்களும் குளிர்காலத்தில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். வசந்தம் பிறந்து மரங்கள் மீண்டும் தழைத்து நிழல் மூடுவதற்கு முன்னர், சில வாரங்களே தரையில் வெயில் விழும். அந்தச் சில வாரங்களுக்குள் டிரில்லியம் தலை நீட்டி, இலை விரித்து, பூத்துவிட வேண்டும். கோடை முதிர்ந்ததும் இலையும் தண்டும் மறைந்து கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். விதை முளைத்து வெளிவர இரண்டு குளிர்காலங்கள் கழிய வேண்டும். விதையிலிருந்து முதற்பூவைக் காண ஏழு ஆண்டுகளும் ஆகலாம். விதையைப் பரப்புவோர் எறும்புகள். விதையில் ஒட்டியுள்ள கொழுத்த சதைக்காக அவை விதையைப் புற்றுக்கு இழுத்துச் சென்று, சதையைத் தின்று, விதையைக் குப்பையில் எறியும். அக்குப்பையில் செடி பிறக்கிறது.

அழகாயிருக்கிறதே என்று அப்பூவைப் பறிப்போர் பூவோடு ஒட்டிய மூன்று இலைகளையும் சேர்த்தே பறிக்கின்றனர். ஓராண்டுக்கு வேண்டிய உணவை அம்மூன்று இலைகளே தேடித் தர வேண்டும். அவை போயின் கிழங்கு பட்டினி கிடந்து மெலியும், சில மடியும். இதனை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் இலையுதிர்க்கும் மரத்தின் கீழ், மக்கிய சருகு மண்ணில், ஈரம் உண்டாகியும் நீர் தேங்காத இடத்தில் நடுகின்றனர். நட்டபின் தோண்டுவதும் இடம் மாற்றுவதும் கூடாது. காட்டில் தோண்டிய கிழங்கை வாங்காமல் நாற்றுப் பண்ணையில் பெருக்கியதையே வாங்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. நம் இமயமலைக் காடுகளிலும் இதன் உறவுச் செடி ஒன்று உண்டு; நாக சத்ரி என்று மலை மக்கள் வழங்குவர். மருந்து வாணிகத்திற்காக அதன் கிழங்கைத் தோண்டித் தோண்டி, பல சரிவுகளில் இன்று அது அருகிவிட்டது.

மிச்சிகன் காட்டில் அம்மையார் அப்பூவைக் கண்டிருப்பார் என்பது என் ஊகம். ஊகத்திற்கு இடமில்லாத செய்தி ஒன்று பின்னால் வருகிறது.

தாயகம் திரும்பியவர் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்தார். 1934-இல் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1912-இல் தோன்றிய அந்நிலையத்தின் பெருமையை நம் குடும்பங்கள் அறிய வேண்டும். தீவுகளிலிருந்து வந்த தடித்த இனிப்புக் கரும்பு வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. நாணலைப் போல் ஆற்றங்கரையில் தானே வளரும் நம் நாட்டுக் காட்டுக் கரும்பில் இனிப்பில்லை. ஆனால் உரம் உண்டு. இரண்டையும் பார்பர் என்பாரும் வேங்கடராமன் என்பாரும் கலந்து, இனிப்பும் உரமும் சேர்ந்த கோயமுத்தூர்க் கரும்பை உண்டாக்கினர். அதன்பின் வந்த ஜானகி அம்மையார் காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்து, அதன் பிறப்பிடம் இந்தியாவே என்பதற்குச் சான்று தேடினார். கரும்பைச் சோளத்தோடும், மக்காச் சோளத்தோடும், இன்னும் சில புல்லினங்களோடும் கலந்து பார்த்தார்.

குரோமோசோம் என்றால் என்ன என்று நம் இல்லத்தரசிகள் கேட்கலாம். உயிரணுவினுள் நூல் துண்டுகள் போலக் கிடப்பவை அவை. தாய் தந்தையரின் மூக்கும் நிறமும் பிள்ளைக்கு வருவது அவற்றின் வழியே. ஒவ்வோர் இனத்துக்கும் அவற்றின் எண்ணிக்கை உண்டு. அவ்வெண்ணிக்கையைப் பார்த்தால் எந்தச் செடி எந்தச் செடிக்கு உறவு என்பது ஓரளவு புலப்படும். நமக்குக் குலம் கோத்திரம் பார்க்கும் பழக்கம் உண்டல்லவா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம்முடைய கணக்கு பெரும்பாலும் பொய். அவருடைய கணக்கு மெய்.

கோவையில் வேலை நன்றாக நடந்தது. மனம் நன்றாக இல்லை. 1935-இல் சர் சி. வி. இராமனின் இந்திய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. ஆயினும் நாள்தோறும் உடன் பணியாற்றிய ஆடவர்களிடையே அவருக்குரிய இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. 1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். மாநாடு முடிந்த கையோடு போர் மூண்டது. திரும்பவில்லை.

லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் 1940 முதல் 1945 வரை பணி. இரவெல்லாம் விமானங்கள் குண்டு பொழியும். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார். விடிந்ததும் ஆய்வுக்கூடத்து அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்தெறிந்துவிட்டு வேலையைத் தொடர்வார். நம் ஊர் அணில் ஒன்றை ஒருவரும் அறியாமல் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று வளர்த்தார் என்றும் கூறுவர். அந்த நிலையத்தில் அவருடன் பணியாற்றிய டார்லிங்டன் என்னும் அறிஞரும் லா கூர் என்பாரும் 1940-இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டனர். டிரில்லியம் செடியைக் கடுங்குளிரில் வைத்து அதன் குரோமோசோம்களைக் கண்ணாடி வழியே பார்த்தால், அவற்றில் சில பகுதிகள் மட்டும் வெளிறிக் காணும் என்பதே அவ்வாராய்ச்சி. டிரில்லியத்திற்குக் குரோமோசோம்கள் பத்தே. அவையும் மிகப் பெரியவை. ஆதலின் அக்காலத்து ஆராய்ச்சியாளர்க்கு அச்செடி கண்கண்ட வரம். மிச்சிகன் காட்டில் நான் ஊகித்த பூ, லண்டன் ஆய்வுக்கூடத்தில் அம்மையாரின் அடுத்த மேசையிலேயே இருந்தது. 1945-இல் டார்லிங்டனும் அம்மையாரும் சேர்ந்து, பயிராகும் செடிகளின் குரோமோசோம் அட்டவணை என்னும் பெருநூலை வெளியிட்டனர். அட்டவணை எழுதுவது எத்தகைய பொறுமை வேண்டும் வேலை என்பதை எழுத்தர் தொழில் பார்க்கும் நான் அறிவேன். ஓர் எண் பிறழ்ந்தால் கணக்கு முழுதும் பிறழும்.

அந்நூலைக் கண்ட அரச தோட்டக்கலைச் சங்கத்தார் லண்டனுக்கு அருகே விஸ்லி என்னுமிடத்தில் உள்ள தங்கள் பெருந்தோட்டத்திற்கு அவரை அழைத்தனர். அச்சங்கத்தில் ஊதியம் பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அவர். விஸ்லி தோட்டத்தின் தொடக்கமே விந்தையானது. வில்சன் என்ற செல்வர் 1878-இல் அவ்விடத்தை வாங்கி, வளர்ப்பதற்கு அரிய செடிகளை ஓக் மரக் காட்டினுள் வளர்த்துப் பார்க்க முற்பட்டார். பூச்செடிகளை வரிசையாகப் பாத்தி கட்டி வைக்காமல் மர நிழலில் காடு போலவே வாழவிடும் முறை அது. அத்தோட்டத்தில் பாட்டில்ஸ்டன் குன்று என்றொரு மரச்சரிவு உண்டு. அங்கேதான் அம்மையாரின் மக்னோலியாக்கள் நின்றன.

மக்னோலியா என்றதும் அயல் மரம் என்று எண்ண வேண்டா. நம் செண்பகம் அதே குடும்பம். மக்னோலியா நாற்றுகளின் முளை நுனியில் அம்மையார் கோல்ச்சிசின் கரைசலை இட்டார். உயிரணு இரண்டாகப் பிரியும் வேளையில் அந்நஞ்சு குறுக்கே நிற்கும். குரோமோசோம்கள் இரட்டிக்கும், ஆனால் அணு பிரியாது. ஆகவே ஓரணுவில் இரு மடங்கு குரோமோசோம் தங்கிவிடும். அத்தகைய செடியில் இலை தடிக்கும், இதழ் பெருக்கும், பூ நெடுநாள் நிற்கும். அவ்வாறு நட்ட நாற்றுகளுள் வெள்ளை இதழும் ஊதாநிற மகரந்தத் தாளும் கொண்ட ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் வைத்துள்ளனர்.

அந்தக் கோல்ச்சிசின் ஐரோப்பாவில் கோல்ச்சிகம் என்ற புல்வெளிப் பூவிலிருந்து எடுக்கப்பட்டது. நம் காந்தள் அதன் நெருங்கிய உறவு. டிரில்லியத்தையும் சேர்த்து மூன்றையும் அக்காலத்தார் லில்லிக் குடும்பம் என்ற ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தனர். இன்று தாராபுரம், மூலனூர், வேதாரணியம் பக்கங்களில் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் காந்தளைப் பந்தலிட்டுப் பயிரிட்டு, விதையை அயல்நாட்டு மருந்துத் தொழிலுக்கு அனுப்புகின்றனர். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் மகரந்தத்தைக் கையாலேயே ஒவ்வொரு பூவிலும் தடவுகின்றனர். எவ்வளவு பாடு!

இங்கே என் தோல்வியின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பால்கனியில் முயல்வோர்க்குப் பயன்படும். காந்தள் கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்தது. அதன் நுனியில்தான் முளைக் கண் உண்டு; அந்நுனி ஒடிந்தால் அக்கிழங்கு அத்துடன் சரி. பூத்துக்கொண்டிருக்கும்போது குச்சியால் பெயர்த்த நான் வேரையும் அறுத்தேன், நுனியையும் ஒடித்தேன். பருவம் முடிந்து கொடி தானே காய்ந்த பின்னரே கிழங்கைத் தொட வேண்டும். மணல் கலந்த இலைமண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிடைமட்டமாக வைக்க வேண்டும். முதல் மழையில் முளைக்கும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பற்றி ஏறும். ஆகவே குச்சியோ கம்பியோ நட வேண்டும். கொடி காய்ந்தபின் அடுத்த மழை வரை ஒரு துளி நீரும் கூடாது. செடி முழுதும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், தொட்ட கையைக் கழுவ வேண்டும். கிழங்கையோ, இத்தகைய உழவர்களிடமிருந்தே பெற வேண்டும். ஈரோட்டில் உள்ள என் மைத்துனர் வாயிலாக இரு கிழங்குகள் பெற்றேன். சென்ற ஆண்டு அவற்றுள் ஒன்று நான்கு பூப் பூத்தது.

அம்மையாரிடம் திரும்புவோம். 1951-இல் பிரதமர் நேரு அவரை நாட்டுக்கு அழைத்தார். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கித் தளர்ந்து கிடந்த இந்தியத் தாவர ஆய்வுத் துறையைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டுச் செடிகளை நம் நாட்டாரே சேகரிக்க வேண்டும். அவற்றின் உலர்ந்த மாதிரிகள் லண்டனில் அன்றி இந்நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் திருத்தி அமைத்த துறைக்குத் தலைவராக 1954-இல் வந்தவர் ஸ்பெயின் நாட்டில் பிறந்த சந்தாபாவ் பாதிரியார். பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் கற்பித்தவர், நம் கண்டாலா மலையின் செடிகொடிகளைப் பற்றி நூல் இயற்றியவர், பெரும் புலமையர்; அதில் ஐயமில்லை. எனினும் அம்மையாரின் மனம் புண்பட்டது. வீட்டைக் கூட்டி மெழுகியவர் ஒருவர், திறவுகோல் பெற்றவர் இன்னொருவர். அலுவலகத்தில் பணியாற்றிய எவரும் அப்புண்ணை அறிவர்.

அந்நாளில் உணவு உற்பத்தியைப் பெருக்குவோம் என்ற முழக்கத்தில் காடுகள் பல விளைநிலமாக்கப்பட்டன. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில் ஒரு காட்டில் மக்னோலியா இனத்து அரிய மரம் ஒன்று நிற்பதாக அறிந்து அம்மையார் தேடிச் சென்றார். அப்பகுதியில் அவ்வகையில் எஞ்சியிருந்தது அம்மரம் ஒன்றே. சென்று பார்த்தபோது அது எரிக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். விஸ்லிக் குன்றில் மக்னோலியா நாற்றுகளைக் கைக்குழந்தை போல் பேணியவர் அவர். தோட்டத்தில் எதையும் வளர்க்க வல்ல கை. அந்தக் கைக்கும் அன்று செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாம்பலில் எதை நடுவது?

1955-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி உலக அறிஞர்கள் கூடிய கருத்தரங்கில் அமர்ந்த ஒரே பெண்மணி அவர். இந்திய நாட்டு எளிய மக்கள் காட்டையும் நிலத்தையும் நம்பி வாழும் வாழ்க்கை முறையைப் பற்றி அங்கே கட்டுரை படித்தார். பின்னர் அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆய்வுக்கூடத்தின் தலைமை, ஜம்முவில் ஆராய்ச்சி, சில காலம் நம் டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையம். டிராம்பேயில் அவர் நெடுநாள் தங்கவில்லை. எனினும் ஹார்பர் வழி வண்டியில் மான்கூர்டைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் குன்றை நோக்கி, அம்மையார் இங்கும் இருந்தார் என்று எண்ணிக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

1970 நவம்பரில் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவர இயல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானியாக அமர்ந்து, மதுரவாயலில் உள்ள அதன் வயல் ஆய்வுக்கூடத்திலேயே இறுதி வரை வாழ்ந்தார். இன்று மதுரவாயல் வழியே செல்வோர்க்கு மேம்பாலமும் லாரிகளுமே தெரியும். அன்று அது சென்னைக்குப் புறத்தே இருந்த சிற்றூர். உடுத்தியது மஞ்சளும் காவியும் கலந்த நிறத்துப் பருத்திச் சேலை. சுற்றிலும் மூலிகைச் செடிகள், பூனைகள், நாய்கள். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதற்குள் அவருக்கு எண்பது வயது ஆகிவிட்டது. அவர் புகழ் பரவாததற்கு அவரும் ஒரு காரணம் என்பேன். தம்மைப் பற்றிப் பேச அவர் விரும்பியதில்லை.

எண்பது வயதில் ஒருவர் ஓய்வு கொள்வதே இயல்பு. அவரோ அமைதிப் பள்ளத்தாக்குக்காக எழுந்தார். பாலக்காட்டு மலையில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்டக் கேரள மின் வாரியம் முனைந்தது. அணை எழுந்தால் பழமையான மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கின் உறைவிடமும் அழியும். மாணவரும் ஆசிரியரும் கவிஞரும் திரண்டு எதிர்த்தனர். அம்மையாரும் அவர்களோடு சேர்ந்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையை மேற்கொண்டார். வாழ்நாள் முழுதும் செய்த அதே எண்ணும் வேலைதான். கோவையில் கரும்பைப் பெருக்க எண்ணினார். விஸ்லியில் பூவைப் பெருக்க எண்ணினார். இங்கே, போகவிருந்த காட்டில் என்ன இருக்கிறது என்பதை எழுதி வைக்க எண்ணினார்.

மின்சாரம் வேண்டாவா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நம் புறநகர் மின்வண்டி ஓட எங்கோ ஓர் அணை வேண்டும் என்பதைப் புகைவண்டித் துறையில் ஊதியம் வாங்கும் நான் மறக்கலாகாது. ஆனால் அணைக்கு வேறிடம் தேடலாம். எறும்பு சுமந்த விதையும், நூறாண்டுச் சருகும், தலைக்கு மேல் நிழலும் கூடி உண்டான காட்டை வேறிடத்தில் நட எந்தத் தோட்டக்காரரிடமும் மண்வெட்டி இல்லை. ஒரு கிழங்கைக் கர்ஜத்திலிருந்து டோம்பிவிலிக்குக் கொண்டுவரத் தெரியாத எனக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

1983-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் நாள், மதுரவாயல் ஆய்வுக்கூடத்துப் பணியினிடையே அம்மையார் காலமானார். அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இப்போது நாட்டின் தாவர வகைப்பாட்டு அறிஞர்க்கு அவர் பெயரால் தேசிய விருது வழங்கப்படுகிறது. ஜம்முவில் உலர்தாவரத் தொகுப்பகம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதியர் தாங்கள் உண்டாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். அவர் உடுத்திய சேலையின் நிறத்தை நினைத்தே அவ்வாறு செய்தனர் போலும்.

இம்மலர் உங்கள் கையில் வரும் தை மாதத்தில் என் வீட்டுக்கு வருவோர், காந்தள் எங்கே என்று கேட்பர். தொட்டியில் வெறும் மண்தான் இருக்கும். ஆனி மாதம் வரை நீர் ஊற்றமாட்டேன்.